தண்டனை முடிந்தும் முடியாத காவல்: குற்றத் தீர்ப்புப் பெற்ற வெளிநாட்டவருக்கு நாடுகடத்தலிலிருந்து நிவாரணம் உண்டா?

குற்றவழக்கில் தண்டனை பெற்ற இந்தியர் ஒருவர், தண்டனைக் காலம் முடிந்ததும் சிறை வாயிலைக் கடந்து வீடு திரும்புகிறார். அதே வழக்கில், அதே தண்டனையை அனுபவித்த வெளிநாட்டவருக்கு அந்த வாயில் வீட்டுக்குத் திறப்பதில்லை. நாடுகடத்தல் உத்தரவோ, அது நிறைவேறும் வரை முகாம் வாழ்க்கையோ அவருக்காகக் காத்திருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவிலேயே வாழ்கிறார்கள் என்பதோ, சொந்த நாட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்பதோ இந்த நிலையை மாற்றுமா? தமிழ்நாட்டில் வாழும் ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர்களைத் தொடும் இந்தக் கேள்விக்குச் சட்டமும் நீதிமன்றங்களும் என்ன பதில் அளித்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

இவ்விவகாரம் 2025 மே 19 அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. இலங்கைத் தமிழர் ஒருவர் தாக்கல் செய்த மனுவை நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அன்று விசாரித்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்துடன் தொடர்பு வைத்திருந்ததாக 2015இல் கைதான அவருக்கு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018இல் விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2022இல் அதனை 7 ஆண்டுகளாகக் குறைத்த சென்னை உயர் நீதிமன்றம், தண்டனை முடிந்தவுடன் அவர் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்றும், வெளியேறும் வரை முகாமில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

விசா பெற்றே இந்தியாவுக்கு வந்ததாகவும், இலங்கையில் உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகவும், மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவில் குடியேறிவிட்டதாகவும் மனுதாரர் தரப்பு வாதிட்டது. உலகம் முழுவதிலுமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்று அமர்வு வாய்மொழியாகக் குறிப்பிட்டது. 140 கோடி மக்களைக் கொண்ட நாடு ஏற்கெனவே திணறுவதாகவும், இலங்கை செல்ல இயலாவிட்டால் வேறு நாட்டுக்குச் செல்லலாம் என்றும் கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது.

அந்த விசாரணையின் சட்ட மையம் அரசமைப்புச் சட்டத்தின் இரண்டு உறுப்புகளில் இருந்தது. இந்தியாவில் எங்கும் நடமாடவும் வசிக்கவும் குடியேறவும் உள்ள உரிமையை வழங்குவது 19ஆவது உறுப்பு. அது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு அளிப்பது 21ஆவது உறுப்பு. அது இந்திய மண்ணில் உள்ள ஒவ்வொரு மனிதருக்கும் உரியது. ஆனால், சட்டம் வகுத்த நடைமுறையின்படி அந்தச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் அதே உறுப்பு கூறுகிறது. மனுதாரரின் காவல் சட்டப்படியே நிகழ்ந்தது என்பதால் 21ஆவது உறுப்பு மீறப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இந்த வேறுபாட்டை எல்லைப்புறங்களில் எளிதில் உணரலாம். கோவையிலிருந்து தடாகம் சாலை வழியாக ஆனைகட்டி சென்று, அங்குள்ள சோதனைச் சாவடியைக் கடந்து பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிக்குள் செல்லும் இந்தியக் குடிமகன் யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே கோவை மாவட்டத்தின் பூலுவப்பட்டி மறுவாழ்வு முகாமில் பதிவு பெற்று வாழும் இலங்கைத் தமிழர், முகாமை விட்டு வெளியூரில் தங்குவதற்கு அதிகாரிகளிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாதவரின் நிலையே இதுவென்றால், குற்றத் தீர்ப்புப் பெற்றவரின் நிலையை ஊகிப்பது கடினமல்ல.

வெளியேற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

இந்தியாவில் வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அடிப்படையில் நிர்வாகத்திடம், அதாவது மத்திய அரசிடம் உள்ளது. ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அன்றிருந்த 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் அரசுக்கு வரம்பற்ற வெளியேற்ற அதிகாரத்தை வழங்குவதாகக் கூறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மதப் பணியாளர் லூயி டி ரேட் வழக்கில் 1991இல் அக்கருத்தை மீண்டும் உறுதி செய்தது. பல பத்தாண்டுகள் இந்தியாவில் வாழ்ந்திருந்தபோதும், தொடர்ந்து வசிக்கும் உரிமை வெளிநாட்டவருக்குக் கிடையாது என்பது அதன் சாரம்.

1946ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2025ஆம் ஆண்டு குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இன்றி நாட்டுக்குள் நுழைவோருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டம் வழிசெய்கிறது. போலி ஆவணங்களைப் பயன்படுத்தினால் குறைந்தது 2 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

அதே நாளில் வெளியான விலக்கு ஆணை ஒன்று இலங்கைத் தமிழர்களுக்குக் குறிப்பிடத்தக்க சலுகையை அளித்தது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்கு முன்னர் இந்தியாவில் தஞ்சமடைந்து, அரசிடம் பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கிடைத்துள்ளது. இது குடியுரிமையும் அல்ல. நிரந்தர வசிப்புரிமையும் அல்ல. வேறு குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்புத் தரும் உறுதிமொழியும் இதில் இல்லை.

சிறப்பு முகாம் என்பது என்ன?

தமிழ்நாட்டில் இரு வகை முகாம்கள் உள்ளன. குடும்பங்கள் வாழும் முகாம்கள் ஒரு வகை. இவற்றை 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கத் தமிழ்நாடு அரசு 2021இல் முடிவெடுத்தது. அவ்வாண்டு அரசு சட்டப்பேரவையில் அளித்த விவரப்படி, 108 முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேரும், முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்து வந்தனர்.

மற்றொன்று சிறப்பு முகாம். வழக்கில் சிக்கியவர்கள், ஜாமீன் பெற்றவர்கள், தண்டனை முடித்து நாடுகடத்தலுக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோர் இங்கு வைக்கப்படுகின்றனர். திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இயங்கும் சிறப்பு முகாம் இவற்றுள் அறியப்பட்டது. வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று உத்தரவிட அரசுக்கு உள்ள அதிகாரத்தின் அடிப்படையில் இது நடத்தப்படுகிறது. எனவே சட்டத்தின் பார்வையில் இது சிறை அல்ல. தண்டனைக்கு முடிவு தேதி உண்டு; முகாம் வாசத்துக்கு அத்தகைய தேதி இல்லை என்பதே உள்ளே இருப்பவர்களின் நீண்டகால மனக்குறை. விடுதலை கோரி அங்கு உண்ணாவிரதப் போராட்டங்கள் பலமுறை நடந்துள்ளன.

இதன் தாக்கத்தை முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலை வழக்கு உணர்த்தியது. அவ்வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. அவர்களுள் இலங்கையரான முருகன், சாந்தன், ராபர்ட் பயாஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இலங்கை திரும்ப அனுமதி கிடைத்திருந்த நிலையில், உடல்நலம் குன்றிய சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் உயிரிழந்தார். ஏனைய மூவரும் 2024 ஏப்ரல் 3 அன்று விமானம் மூலம் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். முருகனின் மனைவி நளினி இந்தியக் குடிமகள். அந்த உறவு அவரை முகாமிலிருந்து மீட்கவில்லை.

இந்த நிகழ்வுகள் ஒரு சட்ட உண்மையைத் தெளிவாக்குகின்றன. தண்டனைக் குறைப்பு, மன்னிப்பு, நீதிமன்ற விடுவிப்பு ஆகியவை சிறைத்தண்டனையை முடித்து வைக்கும். வெளிநாட்டவர் என்ற தகுதிநிலையை அவை மாற்றுவதில்லை.

இந்தியாவில் உள்ள வழிகள் யாவை?

குற்றத் தீர்ப்புப் பெற்ற வெளிநாட்டவர், குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவு செய்தால் நாட்டிலேயே தங்கலாம் என்று கூறும் தனிப் பிரிவு இந்தியச் சட்டத்தில் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட போதிலும் அதனை உறுதி செய்யவில்லை. ஆகவே கிடைக்கும் நிவாரணம் எதுவாயினும் பின்வரும் வழிகளில் ஒன்றாகவே இருக்க முடியும்.

முதலாவது, குடியுரிமையை நிறுவுதல். குடிமகனை நாடுகடத்த இயலாது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதன் பின்னர் 2004 டிசம்பர் 3க்கு முன்பு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராகவோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவோ இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த பெண் ஒருவருக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த விதியின் அடிப்படையில்தான். பிறப்புச் சான்றிதழ் என்ற ஒரே தாள் ஒருவரின் நிலையை முழுவதுமாக மாற்றக்கூடும்.

இரண்டாவது, தீர்ப்பையே எதிர்த்து மேல்முறையீடு செய்தல். நாடுகடத்தலுக்கு அடிப்படையான தீர்ப்பு ரத்தானால் அரசின் காரணமும் வலுவிழக்கும். தண்டனையுடன் சேர்த்து நாட்டை விட்டு வெளியேறும் நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தால், அந்த நிபந்தனையையும் மேல்முறையீட்டிலேயே எதிர்க்க வேண்டும்.

மூன்றாவது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்கள் தொடர்பான வழக்கில், குடிமகனோ அல்லவோ ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஈராக்கைச் சேர்ந்த இரு அகதிகளின் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் 1998இல் மேலும் ஓர் அடி முன்னே சென்றது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமை என்ற கோட்பாடு 21ஆவது உறுப்பில் அடங்கியுள்ளது என்றும், தேசப் பாதுகாப்புக்கு ஊறு விளையும்போது அது பொருந்தாது என்றும் அது கூறியது. ஆனால் ரோஹிங்கியா மக்கள் தொடர்பான வழக்கில், 2021 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் வேறு திசையில் சென்றது. நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமை, குடிமக்களுக்கு மட்டும் உரிய வசிப்புரிமையோடு இணைந்தது என்று கூறிய அது, உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அவர்களை அனுப்பக் கூடாது என்றும் உத்தரவிட்டது. எனவே இன்றைய நிலையில் நீதிமன்றத்திடம் உறுதியாக எதிர்பார்க்கக்கூடியது, நடைமுறை பிழையின்றிப் பின்பற்றப்பட்டதா என்ற ஆய்வை மட்டுமே.

நான்காவது, உள்துறை அமைச்சகத்தின் நிர்வாக வழி. அகதி என்று கோருவோரைக் கையாள அமைச்சகம் 2011இல் வெளியிட்டு 2019இல் திருத்திய வழிகாட்டு நடைமுறை ஒன்று உள்ளது. இனம், மதம், பாலினம், அரசியல் கருத்து முதலியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம் நியாயமானது எனத் தெரிந்தால் நீண்டகால விசா வழங்கப் பரிந்துரைக்கலாம். குற்றத் தீர்ப்பு, குறிப்பாகத் தேசப் பாதுகாப்பு தொடர்பான தீர்ப்பு, இவ்வழியில் பெருந்தடையாக அமையும்.

ஐந்தாவது, மூன்றாவது நாடு. தன்னை ஏற்க முன்வரும் நாடு ஒன்றின் விசாவும், சொந்த நாட்டுத் தூதரகத்தின் பயண ஆவணமும், இந்தியாவின் வெளியேறும் அனுமதியும் சேர்ந்தாலே இது கைகூடும். குற்றத் தீர்ப்பு உள்ளவருக்கு விசா வழங்கும் நாடுகள் அரிது என்பதால், உச்ச நீதிமன்றம் சுட்டிய இந்த வழி சொல்வதற்கு எளிதாயினும் நடப்பதற்குக் கடினமானது.

நாடுகடத்தவே இயலாதபோது என்ன ஆகும்?

சொந்த நாடு ஏற்க மறுத்தாலோ, நாடே எதுவென உறுதியாகாவிட்டாலோ, காவல் எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்ற கேள்வி எழுகிறது. அசாமில் வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்டுத் தடுப்பு மையங்களில் மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களை நிபந்தனைகளுடன் வெளியே விட உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் அனுமதித்தது. கரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், அக்கால வரம்பு இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. இது நாட்டில் தங்கும் உரிமை அல்ல. முடிவற்ற காவலுக்கு எதிரான இடைக்கால நிவாரணம். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 2023 நவம்பர் 8 அன்று, அனுப்பி வைக்க நடைமுறையில் வாய்ப்பே இல்லாத ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று முடிவு செய்தது. அவ்வழக்கைத் தொடுத்தவரும் குற்றத் தீர்ப்புப் பெற்றவரே.

பிற நாடுகளில் நிலை என்ன?

புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் வாழும் நாடுகளிலும் இச்சட்டங்கள் கடுமையானவை. ஆயினும் அங்கு நிவாரணத்துக்கான அளவுகோல்கள் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

பிரிட்டனில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்துவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாகவே நிகழ வேண்டிய நடவடிக்கை. தண்டனை நான்கு ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால், நாடுகடத்தலால் மனைவிக்கோ கணவருக்கோ குழந்தைக்கோ நேரும் துன்பம் மிகக் கடுமையானது என்று நிறுவி விலக்குக் கேட்கலாம். அதற்கு மேற்பட்ட தண்டனையாயின் மிக வலுவான காரணங்கள் தேவை.

அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு அட்டையை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து, மொத்தம் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வசித்தவர், சட்டம் கொடுங்குற்றமாக வகைப்படுத்திய குற்றங்களில் சிக்காதிருந்தால், நாடுகடத்தலை ரத்து செய்யக் கோரலாம். சித்திரவதைக்கு உள்ளாகும் வாய்ப்பு அதிகம் என நிறுவினால், எந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தாலும் அந்நாட்டுக்கு அனுப்புவது தள்ளிவைக்கப்படும். ஒன்பது மாதக் குழந்தையாக இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவர், செய்யாத கொலைக்காகப் பென்சில்வேனியா சிறையில் 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்தபின் 2025 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். இளமையில் பெற்ற போதைப்பொருள் தீர்ப்பைக் காட்டி, அதே நாளில் குடிவரவு அதிகாரிகள் அவரைக் காவலில் எடுத்தனர். அடுத்த மாதம் இரண்டு நீதிமன்றங்கள் அவரது நாடுகடத்தலை நிறுத்தி வைத்தன. பழைய சிறு வழக்கு ஒன்று எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர்பெறலாம் என்பதற்கு இது சான்று.

கனடாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை, நிரந்தரக் குடியிருப்பாளரையும் வெளியேற்றத்துக்கு உள்ளாக்கக்கூடும். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரி 11 அன்று வழங்கிய சுரேஷ் வழக்குத் தீர்ப்பு இலங்கைத் தமிழர் ஒருவர் தொடர்பானது. அது குற்றத் தீர்ப்பு சார்ந்ததன்று. தேசப் பாதுகாப்பு சார்ந்தது. சித்திரவதை நிகழும் நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது, மிக அரிதான சூழல் நீங்கலாக, அரசமைப்பு உரிமைகளை மீறும் என்று அத்தீர்ப்பு கூறியது.

வழக்கில் சிக்கியவர் கவனிக்க வேண்டியவை

நாடுகடத்தல் குறித்த கவலை பெரும்பாலும் தண்டனைக்குப் பின்னரே எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வழக்கு விரைவில் முடியும் என்று எண்ணிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்துவது, குடிமகனுக்குச் சிறிய செயல். வெளிநாட்டவருக்கு அதுவே பதிவேட்டில் நிலைத்துவிடும் குற்றத் தீர்ப்பு. குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தல் நேரும் என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்லாமல் விடுவது வழக்கறிஞரின் கடமைத் தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் படில்லா வழக்கில் கூறியது. இந்தியாவில் அத்தகைய தீர்ப்பு இல்லாததால், அக்கேள்வியைக் கட்சிக்காரரே வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

காவலில் உள்ள எவரும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி கேட்கலாம். இதற்கு இந்தியக் குடியுரிமை தேவையில்லை. மாவட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். கைதான வெளிநாட்டவர் விரும்பினால் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்கக் கோரும் உரிமையையும் வியன்னா உடன்படிக்கை வழங்குகிறது. சொந்த நாட்டு அரசிடமிருந்தே தப்பி வந்தவர், அவ்வாறு கோராதிருக்கவும் உரிமை உண்டு.

பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, பெற்றோர் இந்திய வம்சாவளியினர் என்றால் அதற்கான பழைய ஆவணங்கள் ஆகியவற்றை வழக்கு எழும் முன்பே தேடி எடுத்து வைப்பது அவசியம். ஏனெனில், தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்று சட்டம் கூறுகிறது.